சிறுநீரகமும் சுற்றுப்புற மாசும்: திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சர்க்கரை நோய் இல்லாத, வயலிலோ குவாரியிலோ பட்டறையிலோ உழைக்கிற ஒருவருக்கு "கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல்" என்று ஒரு சீட்டு வந்துவிட்டால் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவு, அது கூடினால் சிறுநீரகம் தளர்கிறதோ என்ற சந்தேகம் வரும். முதல் வாரமே தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வந்துவிடும். அடுத்து, யாரோ சொன்னார்கள் என்று நிறையப் பணம் கொடுத்து ரத்தத்தில் உலோகப் பரிசோதனை. மூட்டுவலிக்குத் தினமும் போடும் மாத்திரையைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும், அதுவும் யாராவது கேட்டால்.

இந்த வரிசைதான் தவறு. முதலில் உடம்பின் நிலை, பிறகு தொழிலும் வீடும் பற்றிய கணக்கு, அதற்குப் பிறகு தண்ணீர், தேவைப்பட்டால் மட்டும் ரத்தத்தில் உலோகம். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் எதைத் தேட வேண்டும் என்று காட்டிக் கொடுக்கும். படியைத் தாண்டினால் பணமும் போகும், காரணமும் கிடைக்காது.

1. இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள்

சிறுநீர் திடீரெனக் குறைந்தவர், முகமும் காலும் வீங்கியவர், சிறுநீரில் ரத்தம் போகிறவர், மூச்சு வாங்குகிறவர், பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ உடம்பில் கொட்டியவர் அல்லது வாய்க்குள் போனவர். இவர்கள் யாரும் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதக் காத்திருக்கக் கூடாது. பாராகுவாட் போன்ற களைக்கொல்லி கொஞ்சம் உள்ளே போனாலும் முதலில் அடிபடும் உறுப்புகளில் சிறுநீரகமும் ஒன்று. அந்த நேரத்தில் வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

நடவுக் காலத்தில் சேற்றில் நின்று வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதுவும் சிறுநீரகத்தைச் சில நாட்களில் முடக்கிவிடும். "உடம்பு அசதி" என்று வலி மாத்திரை போட்டுப் படுத்துவிடுவது இதில் மிக ஆபத்தான செயல்.

2. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

ஒரு நோட்டு. பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் எத்தனை இருந்தாலும் அத்தனையும். அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்தது, பிரசவத்தின்போது எடுத்தது, வேலையில் சேரும்போது எடுத்தது எல்லாம் உதவும். ஐந்து வருடத்துக்கு முன் கிரியேட்டினின் 0.8 இருந்தது, இப்போது 1.3 என்றால் அந்த ஏற்றம்தான் செய்தி. 1.3 மட்டும் தனியாக நின்றால் அதிலிருந்து அதிகம் தெரியாது.

ஒரு துணிப்பையில் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் போடுங்கள். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கியது, தைலம், லேகியம், பொடி, முகத்துக்குப் போடும் கிரீம் எல்லாம் அதில் வர வேண்டும். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மருத்துவர் எழுதியதை மட்டும் சொல்கிறார்கள். பையைக் கொட்டிப் பார்த்தால்தான் மற்றவை வெளியே வருகின்றன.

3. முதல் படி: உடம்பின் இன்றைய நிலை

ஐந்து விஷயங்கள் வேண்டும்: ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தத்தில் கிரியேட்டினின், காலை முதல் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம், சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை. அழுத்தம், சர்க்கரை, சிறுநீர்ப் புரதம் மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். மற்றவற்றை அரசு மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ பார்க்கலாம்.

சர்க்கரையையும் அழுத்தத்தையும் முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பெரியவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவதற்கு மிகப் பொதுவான காரணங்கள் இவை இரண்டும்தான். இவற்றை விட்டுவிட்டு ஆற்றையும் ஆலையையும் குற்றம் சொன்னால், தடுத்திருக்கக்கூடிய கெடுதல் நடந்துகொண்டே இருக்கும். அதற்காக, சர்க்கரை இருக்கிறது என்றவுடன் மாசைப் பற்றிய கேள்வியை மூடிவிடவும் கூடாது. ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் ஈயத்தையும் ஃப்ளோரைடையும் வெளியேற்ற மேலும் சிரமப்படும்.

கிரியேட்டினினை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறக்குறையப் பாதி குறையும் வரைகூட அந்த எண் 'இயல்பு' என்ற கட்டத்துக்குள்ளேயே இருக்கலாம். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைச் சீட்டில் போடச் சொல்லுங்கள். 90க்கு மேல் நல்லது. 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். அல்புமின் விகிதம் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். 300ஐத் தாண்டினால் கடுமையான கசிவு.

இங்கே ஒரு நுணுக்கம். சர்க்கரையால் வரும் கெடுதல் பெரும்பாலும் வடிகட்டிகளைத் தாக்கும், அதனால் சிறுநீரில் அல்புமின் தெரியும். காட்மியம் போன்ற உலோகங்கள் முதலில் தாக்குவது வடிகட்டிக்கு அடுத்துள்ள நுண்குழாய்களை. அப்போது சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் அல்புமின் பட்டையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். வெயிலில் உழைப்பவர்களுக்கு வரும், காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக நோயும் இப்படித்தான். ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இலங்கையின் வட மத்திய மாகாணத்திலும் விவசாயிகளைப் பிடித்த இந்த நோயில் புரதக் கசிவு குறைவு, கிரியேட்டினின்தான் ஏறுகிறது. ஆகவே உழைப்பாளிக்குச் சிறுநீர்ப் பட்டை மட்டும் போதாது. ரத்தமும் வேண்டும்.

பரிசோதனைக்கு முந்தைய நாள் கடும் சுமை வேலை வேண்டாம், இரவு ஆட்டுக்கறி விருந்தும் வேண்டாம். இரண்டுமே எண்ணை ஏற்றிக் காட்டும். காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிலக்கு நாட்களில் அல்புமின் பார்த்தால் பொய்யான பயம்தான் மிஞ்சும்.

4. மூன்று மாத இடைவெளி

ஒரே ஒரு சீட்டை வைத்து நோய் என்று முடிவு செய்யாதீர்கள். கூடுதலாக வந்தால் ஒன்று இரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பது, திடீர்ப் பாதிப்பா என்று தெரிந்துகொள்ள. மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது, நிலைத்த நோயா என்று தெரிந்துகொள்ள. இந்த இடைவெளியில்தான் அடுத்த படிகளைச் செய்ய வேண்டும். வயிற்று ஸ்கேன் ஒன்றும் எடுத்துக்கொள்ளலாம். கல்லோ அடைப்போ இருந்தால் கதை வேறு திசையில் போகும்.

5. இரண்டாம் படி: வாழ்க்கைக் கணக்கு

இந்த வழிகாட்டியில் பணமே செலவாகாத படி இது. அதனாலேயே எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது.

ஒரு வாரத்துக்குத் தினமும் எழுதுங்கள். எந்த வேலை, எத்தனை மணி நேரம், வெயிலா நிழலா, எவ்வளவு தண்ணீர், எந்தத் தண்ணீர், என்ன மாத்திரை, சிறுநீர் என்ன நிறம். களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: "காலை கருப்பட்டிக் காப்பி. 6.30 முதல் 12 வரை தார் வெட்டிச் சுமை. ஒரு லிட்டர் பாட்டில், பாதி மிச்சம். மாலை மருந்து அடித்தது, சட்டை நனைந்தது, வீட்டில் வந்து மாற்றினேன். ராத்திரி இடுப்புவலி, மெடிக்கலில் ஒரு செட்." கேட்டபோது அவர் சொன்னது: "நாங்கள் ஆற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறோம், தண்ணீரில் ஒன்றும் இல்லை." அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஐந்து வரியில் நீர் வற்றுதல், பூச்சிமருந்து நனைந்த சட்டை, வலி மாத்திரை மூன்றும் ஒரே நாளில் இருக்கின்றன. அந்தச் 'செட்'டில் டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ இருக்க வாய்ப்பு மிக அதிகம். வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை இன்னும் குறைப்பவை அவை.

நோட்டில் தவறாமல் விசாரிக்க வேண்டியவை:

*தொழில்.* பழைய பேட்டரி உடைத்தல், ரேடியேட்டர் பற்றவைத்தல், வண்டிக்குப் பெயிண்ட் அடித்தல், பித்தளை வார்ப்பு, பழைய மின்சாதனங்களைப் பிரித்தல் என்றால் ஈயம், காட்மியம். குவாரி, கிரஷர் என்றால் சிலிக்கா தூசி. அது நுரையீரலோடு சிறுநீரகத்தையும் பாதிக்கும். செங்கல் சூளை, உப்பளம், வாழைச் சுமை என்றால் வெயில். இப்போதைய வேலை மட்டும் போதாது, இருபது வருடத்து வேலையையும் எழுதுங்கள். சிறுநீரகத்தில் தங்கிய காட்மியம் பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது வருடம் ஆகும். எலும்பில் தங்கிய ஈயமும் அப்படித்தான்.

*பீடி.* முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் என்று எங்கு போனாலும் மடியில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். புகைப்பவருக்குக் காட்மியம் உள்ளே போவது உறுதி, புகையிலைச் செடி அதை மண்ணிலிருந்து இழுத்துச் சேர்ப்பது. சுற்றுகிற பெண்கள் விஷயத்தில் நான் கவனிக்கச் சொல்வது வேறு. கணக்கு முடிக்க வேண்டும் என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். தூள் படிந்த கையோடு சாப்பிடுகிறார்கள். அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறதா என்று கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டார்கள்.

*தண்ணீர்.* "என்ன தண்ணீர்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "குடிக்க எது, சோறு பொங்க எது, வேலை செய்யும் இடத்தில் எது?" என்று மூன்றாகக் கேளுங்கள். பல வீடுகளில் குடிப்பது தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர், உலை வைப்பது போர் தண்ணீர், தோட்டத்தில் கிணறு. அரிசி ஊறி வெந்து உறிஞ்சும் தண்ணீரும் வயிற்றுக்குத்தான் போகிறது.

*அடுக்களை.* ரசம் வைக்கும் ஈயச்சொம்பு தூய வெள்ளீயத்தில் செய்ததாக இருந்தால் பயமில்லை. காரீயம் (இந்த வழிகாட்டியில் ஈயம் என்று சொல்வது இதைத்தான்) கலந்திருந்தால் புளியும் தக்காளியும் அதைக் கரைத்து இறக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கு வாங்கியது என்று தெரியாத சொம்பில் புளிப்பு எதையும் வைக்காதீர்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்துக்கும் இதே விதி. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உள்ள மஞ்சளில் ஈயக் குரோமேட் கலப்படம் இருக்கலாம்.

*முகக் கிரீம்.* சில வாரத்தில் நிறம் வெளுக்கும் என்று விற்கும், தயாரித்தவர் முகவரி இல்லாத கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். பக்கத்துக் கேரளத்தில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் கொட்டும் நோய் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சிறுநீர் நுரைக்கிறது, கால் வீங்குகிறது என்று வரும் இளம்பெண்ணிடமும் இளைஞனிடமும் முதலில் இதைக் கேளுங்கள். கூச்சப்படுவார்கள், தனியாக அழைத்துக் கேளுங்கள்.

*மருந்துப் பொடிகள்.* சித்த மருந்துகளான பற்பம், செந்தூரம் ஆகியவற்றில் உலோகங்கள் சேர்க்கப்படுவது உண்டு. சாலையோரத்தில் பெயரில்லாமல் பொட்டலம் கட்டி விற்பதைத் தொடாதீர்கள். சித்த மருந்து வேண்டும் என்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போய், கிரியேட்டினின் சீட்டைக் காட்டிவிட்டுப் பிறகு வாங்குங்கள். பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும்போது பொட்டலத்துக்கு அவசியம் இல்லை.

*புகை.* விறகடுப்பு, குப்பை எரிப்பு, கழிவு ஒயர் எரிப்பு. காற்றில் மிதக்கும் நுண்துகள் சிறுநீரக வேலைத்திறன் குறைவதோடு தொடர்புடையது என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன.

6. மூன்றாம் படி: தண்ணீர் மாதிரி எடுப்பது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். போவதற்கு முன் விசாரிக்க வேண்டியது ஒன்றுதான்: "ஈயம், காட்மியம், ஆர்செனிக், யுரேனியம் இங்கே பார்ப்பீர்களா?" வழக்கமான குடிநீர்ப் பரிசோதனை என்றால் உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு போன்றவைதான். உலோகங்களைத் தனியாகக் கேட்க வேண்டும். பஞ்சாயத்தில் வைத்திருக்கும் கைப்பெட்டிச் சோதனையிலும் ஈயமும் காட்மியமும் தெரியாது. "பஞ்சாயத்தில் பார்த்துவிட்டார்கள், நல்ல தண்ணீர்" என்ற பேச்சை இந்த இடத்தில் நம்ப வேண்டாம். அங்கே பார்க்காத உலோகங்களையும் பார்க்க என்.ஏ.பி.எல். என்ற தேசிய ஆய்வகத் தர வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் உண்டு.

எதைக் கேட்பது என்பதை நோட்டு சொல்லும். பாறையைத் துளைத்த ஆழ்போர் என்றால் ஃப்ளோரைடும் யுரேனியமும். யுரேனியம் உடம்பில் முதலில் தாக்குவது சிறுநீரகத்தைத்தான். பட்டறை, பேட்டரிக் கடை அருகே கிணறு என்றால் ஈயம், காட்மியம், குரோமியம். வயல் நடுவே கிணறு என்றால் நைட்ரேட். இரண்டு பருவம் பாருங்கள்: சித்திரை வைகாசியில் நீர்மட்டம் இறங்கிக் கிடக்கும்போது ஒன்று, பிசான நெல் பருவத்துக்கு உரம் போட்டு மழையும் பெய்த பிறகு ஒன்று. ஒன்றில் அடர்த்தி தெரியும், மற்றதில் மேலிருந்து இறங்குவது தெரியும்.

எடுக்கும் முறை:

போர் மோட்டாரை ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிட்டு எடுங்கள். குழாயில் தேங்கியது நிலத்தடி நீர் அல்ல.

வீட்டுக் குழாயில் ஈயம் பார்க்க வேண்டுமென்றால் நேர்மாறு. இரவு முழுக்க தேங்கி நின்ற தண்ணீரைக் காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் பிடிக்க வேண்டும். அதன் பின் சில நிமிடம் ஓடவிட்டு இன்னொரு பாட்டில். முதலாவதில் மட்டும் ஈயம் இருந்தால் குற்றம் உங்கள் குழாயிலோ டேப்பிலோதான்.

உலோகத்துக்கு ஆய்வகம் தரும் அமிலம் போட்ட பாட்டிலையே பயன்படுத்துங்கள், அதைக் கழுவக் கூடாது. அமிலம் இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு குறைவாகக் காட்டும். மற்றவற்றுக்கு இரண்டு லிட்டர் சுத்தமான கேன், அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி, அன்றே கொடுங்கள். குளிர்பான பாட்டிலிலும் பழைய மருந்துக் கேனிலும் கொண்டுவந்து நீட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்த முடிவு எதற்கும் உதவாது.

பாட்டிலில் இடம், கிணறா போரா, ஆழம், தேதி, நேரம் எழுதுங்கள். மூன்று பாட்டில் கொடுத்துவிட்டு எது எது என்று மறந்துபோனால் எல்லாம் வீண்.

7. அறிக்கையை வாசிப்பது

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. ஒரு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் பார்க்க வேண்டியவை:

ஈயம் 0.01
காட்மியம் 0.003
ஆர்செனிக் 0.01
பாதரசம் 0.001
குரோமியம் 0.05
யுரேனியம் 0.03
ஃப்ளோரைடு 1.0, வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை
நைட்ரேட் 45

முதலில் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் மைக்ரோகிராமில் தரும். 0.01 மில்லிகிராமும் 10 மைக்ரோகிராமும் ஒன்றே. இதைக் கவனிக்காமல் ஆயிரம் மடங்கு பயந்தவர்களும் உண்டு, ஆயிரம் மடங்கு நிம்மதி அடைந்தவர்களும் உண்டு.

அடுத்து 'பி.டி.எல்.' என்ற எழுத்துகள். கண்டறியும் அளவுக்குக் கீழே என்று பொருள். எந்த அளவுக்குக் கீழே என்று கேளுங்கள். ஈயத்தை 0.05 வரைதான் கண்டறிய முடியும் என்றால் அந்த ஆய்வகத்தின் பி.டி.எல். உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தரம் 0.01 ஆயிற்றே.

நைட்ரேட் கூடுதலாக இருப்பதைப் பெரியவர்களின் சிறுநீரகத்துக்கு நேரடி எதிரியாகப் பார்க்காமல், சாக்கடையோ உரமோ கிணற்றுக்குள் இறங்குகிறது என்பதற்கான அடையாளமாகப் பாருங்கள். பாலருந்தும் குழந்தை வீட்டில் இருந்தால் மட்டும் அதுவே அவசரம். உப்புச்சுவையும் கடினத்தன்மையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக இருக்கிறது. அதற்கான ஆதாரம் பலமில்லை. சுவை பிடிக்காமல் குறைவாகக் குடிப்பதுதான் அதில் உண்மையான கெடுதல்.

8. நான்காம் படி: ரத்தத்திலும் சிறுநீரிலும் உலோகம்

நோட்டோ தண்ணீர் அறிக்கையோ ஓர் உலோகத்தைச் சுட்டினால், அந்த ஒன்றை மட்டும் பாருங்கள். இருபது உலோகத்தை மொத்தமாகப் பார்க்கும் பொட்டலப் பரிசோதனையில் ஏதாவது ஒன்று கொஞ்சம் தூக்கலாக வரும், அதன் பின்னால் ஓடவே நேரம் போகும்.

ஈயத்துக்கு நரம்பிலிருந்து எடுத்த ரத்தம். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல். காட்மியத்துக்குச் சிறுநீர், அது நீண்டகாலச் சேமிப்பைக் காட்டும். கிரீம் பாதரசத்துக்கும் சிறுநீர். ஆர்செனிக்குக்கும் சிறுநீர்தான், ஆனால் முந்தைய மூன்று நான்கு நாட்கள் மீன், இறால், நண்டு எதுவும் கூடாது. கடல்மீனில் உள்ள தீங்கற்ற ஆர்செனிக் எண்ணைப் பன்மடங்கு ஏற்றிவிடும். சாளை மீன் இல்லாமல் சோறு இறங்காத உவரிப் பக்கத்து வீடுகளில் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

ரத்தம் எடுக்கும் குழாய் உலோகம் கலக்காத தனிக் குழாயாக இருக்க வேண்டும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடியை வெட்டி அனுப்பும் பரிசோதனை வேண்டாம். மருந்து கொடுத்து உலோகத்தை வெளியே இழுத்துப் பிறகு அளக்கும் பரிசோதனையும் வேண்டாம், அது எல்லோருக்கும் கூடுதலாகவே காட்டும். 'நச்சு நீக்கும்' சிகிச்சை என்று விற்பதை நம்பிக் கையில் ஊசி ஏற்றிக்கொள்ளாதீர்கள். உலோகத்தை இழுக்கும் மருந்துக்கும் தனி ஆபத்துகள் உண்டு, மருத்துவமனையில் அளந்து கொடுக்க வேண்டியது அது.

9. ஐந்தாம் படி: வருவதை நிறுத்துவது

காரணம் உறுதியாகும் வரை காத்திருக்காமல் இன்றே நிறுத்தக்கூடியவை முதலில்: வலி மாத்திரை, முகக் கிரீம், பெயரில்லாப் பொடி, பீடி சிகரெட். வலிக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாராசிட்டமால் அளவோடு போடலாம் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். மருத்துவர் எழுதிய அழுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

*வெயில் வேலை.* தாகம் எடுத்த பின் குடிப்பது தாமதம். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டாமல். நீர்மோரும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லது, குளிர்பானம் வேண்டாம். நிழலில் ஓய்வு என்பதைக் கூலிக்காரர் கேட்டு வாங்க வேண்டிய சலுகையாக வைக்காமல், வேலை கொடுப்பவரே மணிக் கணக்கில் ஒதுக்க வேண்டும். சுமையை முற்பகல் பத்தரைக்குள் முடிக்க முடியுமா என்று தோட்டக்காரரோடு பேசிப் பாருங்கள். நான் பார்த்தவரை பலர் ஒத்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே இ.ஜி.எஃப்.ஆர். மிகவும் குறைந்தவருக்கு இந்த அளவுகள் பொருந்தாது. இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்தாகலாம். "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று தினமும் இளநீர் வெட்டிக் கொடுக்கும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

*பூச்சிமருந்து.* நனைந்த சட்டையை வயலிலேயே கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். தோல் வழியாகவே நிறைய உள்ளே போகிறது. அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். காலி டப்பாவில் தண்ணீர் மொண்டு வைக்கும் பழக்கத்தை வீட்டிலிருந்து ஒழியுங்கள்.

*பட்டறை.* வேலை உடையோடு வீட்டுக்குள் வராதீர்கள், அதில் உள்ள தூசிதான் பிள்ளைகளுக்கும் போகிறது. சாப்பிடும் முன் சோப்பு. கிரஷரில் தண்ணீர் தெளித்து வேலை, தூசிக்கேற்ற முகமூடி. துண்டைக் கட்டிக்கொள்வது சிலிக்காவைத் தடுக்காது. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு ஜன்னலைப் பொங்கலுக்குச் சுரண்டும்போது உலரத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள்.

*தண்ணீர்.* காய்ச்சுவதால் கிருமி சாகும். உலோகமும் ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். கேண்டில் வடிகட்டியும் புற ஊதா விளக்கும் இவற்றைத் தொடாது. ஆர்.ஓ. பெருமளவு நீக்கும். ஆனால் டி.டி.எஸ். மீட்டரில் எண் குறைந்தது என்பதை வைத்து ஈயம் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த மீட்டர் மொத்த உப்பை மட்டும் அளப்பது. விற்க வருகிறவர் இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டுப் பழுப்பு நிறம் காட்டினால் பயப்பட வேண்டாம், கரைந்தது அவர் கம்பியில் உள்ள இரும்பு. இன்னொன்று, சுவைக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரை மறுபடி கலக்கும் திருகு பல இயந்திரங்களில் உண்டு. ஃப்ளோரைடோ ஆர்செனிக்கோ பிரச்சினை என்றால் அதை மூடச் சொல்லுங்கள். பொருத்திய பிறகு வெளியே வரும் தண்ணீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். சமையலுக்கும் அதே தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம்.

ஆற்று நீர் கிடைக்கும் வீட்டில் போரை நிறுத்திவிட்டு, சமையலுக்கும் கூட்டுக் குடிநீரையே காய்ச்சிப் பயன்படுத்துவது இயந்திரத்தைவிட மலிவான தீர்வு. ஆற்றில் கழிவுநீர் கலப்பதால் வரும் அபாயம் பெரும்பாலும் கிருமி. தண்ணீரைக் காய்ச்சினால் அது அடங்கும்.

*சாப்பாடு.* உடம்பில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்திருந்தால் ஈயமும் காட்மியமும் கூடுதலாக உறிஞ்சப்படும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சோற்றைக் குக்கரில் வைக்காமல் நல்ல தண்ணீர் நிறைய விட்டு வடித்தால் அரிசியில் உள்ள ஆர்செனிக்கில் ஒரு பகுதி வடிநீரோடு போய்விடும்.

10. தெருவுக்கே பிரச்சினை என்றால்

ஒரே தெருவில், ஒரே பட்டறையில் பலருக்கு இருந்தால் தனித்தனியாக அலையாதீர்கள். குறைந்தது நான்கைந்து கிணற்றில் ஒரே நாளில் மாதிரி எடுத்து, தூரத்தில் உள்ள ஒரு கிணற்றையும் ஒப்பிடச் சேர்த்து, அறிக்கைகளை இணைத்து மனுக் கொடுங்கள். திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம், நகலை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் அனுப்பலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். நோயாளிகளின் பெயரையும் சீட்டையும் அவர்கள் சம்மதமில்லாமல் மனுவில் சேர்க்கக் கூடாது. எத்தனை பேர், என்ன வயது, என்ன தொழில் என்பதே போதும்.

11. மறுபடி பார்ப்பது

மூன்று மாதத்தில் கிரியேட்டினினும் அல்புமின் விகிதமும் அதே ஆய்வகத்தில். ஆய்வகம் மாறினால் எண் மாறும், அது உடம்பின் மாற்றமா கருவியின் மாற்றமா என்று தெரியாது. ரத்தத்தில் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும், ஆகவே மூலத்தை நிறுத்தி மூன்று மாதம் ஆகியும் இறங்கவில்லை என்றால் இன்னும் எங்கிருந்தோ வருகிறது, அல்லது எலும்பிலிருந்து கசிகிறது. ஐந்தாம் பகுதிக்குத் திரும்பிப் போய் நோட்டை மறுபடி எழுதுங்கள். காட்மியம் அப்படி வேகமாக இறங்காது, அதில் ஏறாமல் நிற்பதே வெற்றி.

எண்கள் சீரானவர்கள் வருடம் ஒருமுறை பார்த்தால் போதும், வெயில் வேலை செய்பவர்கள் கோடை முடிந்த கையோடு பார்ப்பது நல்லது. இ.ஜி.எஃப்.ஆர். 60க்குக் கீழே நின்றாலோ, அல்புமின் 300ஐத் தாண்டினாலோ, ஒரு வருடத்தில் எண் வேகமாக இறங்கினாலோ சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது நோட்டு, மருந்துப் பை, தண்ணீர் அறிக்கை மூன்றையும் கொண்டுபோங்கள். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். தொழில் என்ன, எத்தனை வருடம், தண்ணீரில் எது கூடுதல், எந்த மாத்திரை எவ்வளவு காலம் என்ற நான்கு வரியை ஒரு தாளில் தனியாக எழுதி நோட்டின் மேல் செருகிக் கொடுங்கள்.